மலையகத்தில் புகையிலை: பிடித்த கதையும் விட்ட கதையும்

நோட்டன் பிரிட்ஜ், நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவில், அம்பகமுவைப் பகுதியில், கெஹெல்கமு ஓயாவை ஒட்டி அமைந்த சிறு நகரம். கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறும் மலைப்பாதை இதன் வழியே போகிறது. சிவனொளிபாத மலை யாத்திரைக் காலமான டிசம்பர் முதல் மே வரை, நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களில் ஒரு பகுதி இந்தக் கடைவீதியைத் தாண்டித்தான் செல்லும். சுற்றிலும் தேயிலை. 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதற்குத் தண்ணீர் தேக்கிக் கொடுத்த அணை இங்கே எழுந்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் இயங்கும் 50 மெகாவாட் மின்நிலையம் ஒன்றும் இங்கே வந்தது. இலங்கையின் நீர்மின் திட்டத்துக்காகப் பல காலம் போராடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தேயிலையும் மின்சாரமும் இந்த ஊரைப் பற்றி எழுதப்படும் வரலாறு. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்பிலும் (முன்திண்ணையிலும்) மலையிலும் கடைவாசலிலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த புகையிலைக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. அதைக் கைவிட மக்கள் கூடிச் செய்த முயற்சிகளும் அந்த வரலாற்றில் சேர்ந்தவை.

டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துக் காடுகள் முதலில் வெட்டப்பட்டது கோப்பிக்காக. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு உழைப்பாளர்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் குடும்பம் குடும்பமாக அழைத்துவந்த மக்கள் லயங்களில் நிலையாகக் குடியேறினார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற நான்கும் அவர்களோடு கடல் தாண்டி வந்தன. ஊரில் பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் விருந்துக்கு அழைக்கவும் வெற்றிலைதான் முதலில் நீட்டப்பட்டது. தோட்டத்திலும் அது மாறவில்லை.

மாறியது அளவு. ஊரில் சாப்பாட்டுக்குப் பின்னும் சடங்குகளிலும் போட்ட வெற்றிலை, மலையில் வேலைநேரம் முழுவதற்கும் உரியதாயிற்று. காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவு. கொங்காணியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, விடிகாலை ஈரத்தில் நிற்கும் பெண்ணுக்கு வாயில் அடக்கிய வெற்றிலை ஒரு சூட்டைத் தந்தது. பசியை மந்தப்படுத்தியது. கால்விரல் இடுக்கில் ஏறும் அட்டையின் மேல் சுண்ணாம்பு கலந்த எச்சிலைத் துப்பினால் அது பிடி விட்டு உதிரும். அதனால் வெற்றிலை அவளுக்கு மருந்தும் ஆயிற்று. கொழுந்து நிறுத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகுமுன் சுருக்குப் பையை அவிழ்க்கிறாள் ஒருத்தி. பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு புகையிலைக் காம்பு கிள்ளிக் கொடுக்கிறாள். அடுத்த நாள் அவள் இவளுக்குக் கொடுப்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்கு கிடையாது. புதிதாக வேலைக்குப் பேர் பதிந்த பெண்பிள்ளை, பெரியவர்களின் வரிசையில் தனக்கும் இடம் கிடைத்துவிட்டது என்பதை அந்த முதல் காம்பில்தான் அறிந்தாள். பழக்கம் வேரூன்றிய விதம் இது. தனியாளின் ஆசை அதில் சிறு பங்குதான். கூட்டத்தின் அன்பே பெரும்பங்கு.

ஆண்களுக்குச் சுருட்டும் பீடியும். சுருட்டு பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தது. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் ஆட்சியிலேயே திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியான சரக்கு. யாழ்ப்பாணத்துக்காரரும் தீவுப்பகுதி வணிகரும் தென்னிலங்கை, மலைநாட்டு ஊர்களில் வைத்த கடைகளுக்கு ‘சுருட்டுக்கடை’ என்றே பெயர் நிலைத்தது. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் விற்ற கடைக்கும் அதே பெயர்தான். தோட்டத்துக் கணக்கில் கடனுக்கு வாங்கும் வழக்கம் இருந்ததால், கையில் காசில்லாத நாளிலும் புகையிலைக்குக் குறைவில்லை. சம்பளநாளில் கடன் கழியும். மறுநாள் புதுக் கணக்கு தொடங்கும். மலைக்கோயில்களில் முனியாண்டிக்கு வைக்கும் படையலில் சாராயத்தோடு சுருட்டும் இருந்தது. சாமியே பிடிக்கும் பொருளைத் தீங்கு என்று சொல்ல யாருக்கு நா வரும்?

பீடி இன்னும் மலிவு. மழைக்காலத்தில் மடியில் வைத்த தீப்பெட்டி நமுத்துவிடும். கான் (வடிகால்) வெட்டும் இடத்தில் ஒருவன் எப்படியோ பற்ற வைத்துவிட்டால் மற்ற நாலு பேரும் அவன் பீடி நுனியில் தங்கள் பீடியை ஒட்டி நெருப்பு எடுப்பார்கள். நெருப்புக்காக நெருங்கி நின்ற அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஊர்ச்செய்தி, சங்கச் செய்தி, யார் வீட்டில் என்ன சடங்கு என்பதெல்லாம் பேசப்பட்டன. பீடி பிடிக்காதவன் கொஞ்சம் தள்ளி நின்றான். தள்ளி நிற்க மனமில்லாதவன் பிடிக்கப் பழகினான்.

சிகரெட் பின்னால் வந்தது. பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் குழுமத்தைச் சேர்ந்த இலங்கைப் புகையிலைக் கம்பனி 1932இல் பதிவாகி நாட்டின் சிகரெட் சந்தையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. தோட்டத்தில் நெடுங்காலம் சிகரெட் துரைமாரின் பொருளாகவும், கணக்கப்பிள்ளைமார் கையில் அந்தஸ்துப் பொருளாகவும் இருந்தது. ஹட்டன் தியேட்டர்களுக்கு வந்த தமிழ்ப் படங்கள் அதை இளைஞர்களிடம் சேர்த்தன. கண்டியில் பிறந்தவர் என்று மலையகம் சொந்தம் கொண்டாடிய எம்.ஜி.ஆர். திரையில் புகைபிடிப்பதைத் தவிர்த்தார். அடுத்த தலைமுறை நாயகனான ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்த விதம் பல லயங்களில் ஒத்திகை பார்க்கப்பட்டது. 2002இல் ‘பாபா’ படத்தின் புகைக்காட்சிகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி போராட்டம் நடத்தியபோது, அந்த ஸ்டைல் பழக்கமாகிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

புகையிலை கொல்லும் என்ற அறிவு லயத்துக்குத் தாமதமாகவே வந்தது. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் மருத்துவமனைகளில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அதையே அறிக்கையாக உலகத்துக்குச் சொன்னார். ஆனால் இலங்கையில் பெரிய ஆபத்து நுரையீரலைவிட வாயில் இருந்தது. வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்றுநோய். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் அப்படியே என்று 2004இல் அறிவித்தது. 1984இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. பெரிய மருத்துவர்களை நம்பியிராமல், 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓராண்டில் 28,295 கிராமவாசிகளின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். அவர்களில் 1,220 பேரிடம் சந்தேகத்துக்குரிய புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தது. தெரிந்த முகம் வீட்டுக்கு வந்து ‘வாயைத் திறங்க அக்கா’ என்று கேட்டால் மக்கள் திறக்கிறார்கள் என்பதை இந்த நாடு அப்போதே நிரூபித்துவிட்டது.

தீயபழக்கத்தைக் கூட்டமாக எதிர்ப்பது இலங்கைக்குப் புதிதில்லை. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு புதிய தவறணைகள் திறக்கப்பட்டபோது எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் சேனாநாயக்கா சகோதரர்களும் டி. பி. ஜயதிலக்கவும் முன்னின்றார்கள். பின்னர் ஒரு பகுதியின் மக்களே வாக்களித்துத் தங்கள் ஊர்த் தவறணையை மூடவைக்கும் வழியும் பிறந்தது. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்த காந்தி மலைநாட்டுக்கும் வந்து, தோட்ட மக்களிடம் குடியை விடும்படி மன்றாடினார். புகையிலையையும் அவர் வெறுத்தார். ஆரோக்கியத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது மதுவோடும் அபினோடும் அதையும் சேர்த்தே கண்டித்தார். ஆயினும் மலையகத்தில் பேசுபொருளானது மது மட்டுமே. குடித்துவிட்டு வருபவன் வீட்டில் நடக்கும் ரகளை லயம் முழுவதற்கும் கேட்கும். பீடி சத்தமில்லாமல் எரியும். தொழிற்சங்கங்களுக்குச் சம்பளமும், 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையும் தலைக்குமேல் இருந்தன. புகையிலைக்கு எந்த மேடையும் கிடைக்கவில்லை.

மேடை இல்லாத இடத்தில் கோயில் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து கறி, குடி விலக்குவது தோட்டம் முழுவதும் சேர்ந்து காக்கும் ஒழுங்கு. மாசி மாதம் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தில் வேடம் கட்டுபவர்கள் காமன் எரியும் நாள்வரை விரதம் இருப்பார்கள். தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தினர் தங்களுக்குப் பிரியமான ஒன்றைத் துறப்பார்கள். தோட்டத்து நகரங்களில் வாழும் முஸ்லிம்கள் ரமழான் நோன்பில் விடிகாலை முதல் அந்திவரை புகையைத் தொடமாட்டார்கள். இவையெல்லாம் சில நாட்களுக்கோ சில மணிநேரத்துக்கோ உரியவை. புகையிலையை வாரக்கணக்கில் முழுதாக விலக்கி, அதைக் கூட்டமாகவும் செய்யும் வழக்கம் மலையகத்துக்கு ஐயப்ப விரதத்தோடு வந்தது.

சபரிமலை வழிபாடு தமிழரிடையே இவ்வளவு பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1950இல் அந்தக் கோயில் தீக்கிரையானது. மறு ஆண்டு நிறுவப்பட்ட பஞ்சலோகச் சிலையை மதுரையைச் சேர்ந்த பி. டி. ராஜனும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் முன்னின்று வழங்கினார்கள். தமிழ்நாட்டு மக்களிடம் ஐயப்பனைக் கொண்டுசேர்த்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு. 1975இல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படம் கதையைக் கடைசி வீடுவரை கொண்டுபோனது. திரையில் வில்லனாக நடித்த எம். என். நம்பியார் நிஜத்தில் பெயர்பெற்ற குருசாமி என்பதும் ரசிகர்கள் விரும்பிச் சொன்ன செய்தி. கடல் தாண்டிய பயணம் என்பதால் மலையகத்தில் முதலில் வசதியுள்ளவர்களே போனார்கள். பின்னர் தோட்டத் தொழிலாளரும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு புறப்பட்டார்கள். போக முடியாதவர்கள் இலங்கையிலேயே உள்ள ஐயப்பன் கோயில்களில் இருமுடி இறக்கினார்கள். 2025இல் இலங்கை அமைச்சரவை சபரிமலை யாத்திரைக்கு அரச அங்கீகாரம் வழங்கியது.

கார்த்திகை முதல் நாள் தோட்டத்துக் கோயிலில் குருசாமி கையால் துளசி மாலையோ உருத்திராட்ச மாலையோ விழுந்ததும் ஒரு மண்டலம், அதாவது 41 நாள், வாழ்க்கை மாறிவிடுகிறது. இருட்டோடு எழுந்து பீலித் தண்ணீரில் குளியல். அந்தக் குளிரில் அது லேசான காரியமில்லை. கறுப்போ காவியோ வேட்டி, தரையில் படுக்கை, மரக்கறிச் சாப்பாடு. மது, புகை, வெற்றிலைப் புகையிலை எல்லாம் விலக்கு. அந்தியானால் கோயிலில் பஜனை. கவனித்துப் பார்த்தால், பஜனை நடக்கும் நேரமும், வேலை முடிந்தவன் கடைவீதிக்கு இறங்கித் தவறணைப் பக்கமோ பீடிக்கடைப் பக்கமோ போகும் நேரமும் ஒன்றுதான். நாளின் பலவீனமான மணி நேரத்தில் அவன் தனியாக இல்லை. பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மாலை போட்டவனின் பெயரும் மாறுகிறது. தம்பியும் அவனைச் ‘சாமி’ என்கிறான், மனைவியும் ‘சாமி’ என்கிறாள், நேற்றுவரை மாமன் மச்சான் என்று தோளில் கைபோட்டவனும் ‘சாமி’ என்கிறான். சாமிக்கு யாரும் பீடி நீட்டுவதில்லை. கடைக்காரர் விற்பதில்லை. கான் வெட்டும் இடத்தில் பற்ற வைப்பவன் சாமியைக் கண்டால் கையைப் பின்னால் மறைக்கிறான், இல்லாவிட்டால் நாலடி தள்ளிப் போகிறான். முன்பு பீடி பிடிக்காதவன் தள்ளி நின்றான். இப்போது பிடிப்பவன் தள்ளி நிற்கிறான். வீட்டிலும் சமையல் மாறுகிறது, பேச்சு தணிகிறது, பிள்ளைகள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். கட்டுப்பாட்டை ஒருவன் தன் மனபலத்தால் மட்டும் தாங்க வேண்டியதில்லை. லயமே அதற்குத் தோள் கொடுக்கிறது.

இந்த விரதத்தை வகுத்தவர்கள் நிக்கோட்டினைப் பற்றி எதுவும் அறிந்தவர்கள் அல்லர். ஆயினும் 41 நாள் என்ற கணக்கு உடலின் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது. புகையை நிறுத்தியவனுக்கு எரிச்சல், தூக்கமின்மை, தலைப்பாரம், அடங்காத ஏக்கம் ஆகியவை முதல் சில நாட்களில் உச்சத்துக்கு ஏறும்; பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். மண்டல விரதம் முடியும்போது அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். மேல்நாட்டில் இதே உண்மையை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். 1960களில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மருத்துவர் வேன் மெக்ஃபார்லண்டும் போதகர் எல்மன் ஃபோல்கன்பெர்க்கும், ‘ஐந்து நாள் திட்டம்’ என்ற பெயரில் புகைப்பவர்களை மாலை வேளைகளில் ஒன்றாகக் கூட்டி, ஒருவருக்கொருவர் துணையாக இணைத்து, ஏக்கம் வந்தால் துணையை அழைத்துப் பேசச் சொன்னார்கள். உலகின் பல நாடுகளுக்கும் பரவிய முறை அது.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தை மையமாகக் கொண்ட 12,067 பேரின் உறவு, நட்புத் தொடர்புகளை 1971 முதல் 2003 வரை நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் ஆராய்ந்தார்கள். கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதமும், கூடப்பிறந்தவர் விட்டால் 25 சதவீதமும் குறைந்தது. சிறிய வேலைத்தலத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் குறைவு 34 சதவீதம். மக்கள் தனித்தனியாக விடாமல், ஒருவரோடொருவர் தொடர்புள்ள கொத்துக் கொத்தாக விட்டதையும் அவர்கள் கண்டார்கள். ஒரே லயத்தில் சுவரைப் பங்கிட்டு வாழ்ந்து, ஒரே மலையில் ஒரே நிரையில் வேலை செய்யும் தோட்டத்து மக்களுக்கு இந்த எண்கள் அந்நியமாகத் தோன்றாது.

ஐயப்ப விரதத்தின் குறையையும் சொல்லவேண்டும். மாலை கழன்றதும் கூட்டம் கலைகிறது. சபரிமலையிலிருந்து திரும்பிய வாரத்திலேயே பழைய நண்பன் பழைய பெயரால் கூப்பிட்டுப் பழைய பீடியை நீட்டுகிறான். நாற்பத்தொரு நாள் விட்டவனுக்கு விட முடியும் என்பது தெரிந்துவிட்டது. அதுவே பெரிய லாபம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை விட்டுப் பிடிப்பதைச் சிலர் வழக்கமாக்கிக்கொண்டார்கள். இரண்டாவது குறை இன்னும் பெரியது. சபரிமலை மரபு பத்து முதல் ஐம்பது வயதுவரையான பெண்களை விலக்கி வைத்திருப்பதால், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை. அவர்களது சுருக்குப் பைக்கு விரதமும் இல்லை, குருசாமியும் இல்லை.

சமயம் சாராத கூட்டு முயற்சி 1980களின் இறுதியில் வேர் பிடித்தது. 1987இல் கொழும்பில் தொடங்கப்பட்ட மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் கிராமங்களோடு தோட்டங்களிலும் வேலை செய்தது. உளமருத்துவப் பேராசிரியர் தியநாத் சமரசிங்க வளர்த்தெடுத்த அணுகுமுறை இலங்கையின் இத்துறைப் பணிகளில் ஆழமாகப் படிந்தது. ‘புற்றுநோய் வரும்’ என்று மட்டும் பயமுறுத்தினால் இளைஞன் கேட்பதில்லை. புகைப்பது ஆண்மை, களைப்புத் தீர்ப்பது, துக்கம் ஆற்றுவது என்று ஊர் அதற்குக் கட்டிவைத்திருக்கும் பெருமையை ஊரே பேசிக் கலைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டத்தில் இப்படிப் பேசுவதற்கு இளைஞர் கழகமும் மாதர் சங்கமும் கோயில் கமிட்டியும் ஏற்கெனவே இருந்தன. மாதச் சம்பளத்தில் புகையிலைக்கும் குடிக்கும் போகும் தொகையை வீட்டுச் செலவுக் கணக்கில் தனியாக எழுதிப் பார்ப்பது இவ்வகைப் பணிகளில் எளிமையும் பலனும் உள்ள ஒரு பயிற்சி. அந்தக் கணக்கை எழுதுபவள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் மகள்.

சட்டம் பக்கத் துணையாக வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003 நவம்பரில் உறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அதைச் செய்த முதல் நாடு இலங்கை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவியது. 21 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பது, விளம்பரம் செய்வது, மூடிய பொது இடங்களில் புகைப்பது ஆகியவற்றை அது தடை செய்தது. பெட்டியில் படத்துடன் எச்சரிக்கை போடும் முயற்சி நீதிமன்றம்வரை போய் இழுபட்டது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பெட்டியின் 80 சதவீதப் பரப்பை அந்தப் படங்களுக்கு ஒதுக்கியது. 2016இல் வரி கடுமையாக உயர்ந்தது; மென்று பயன்படுத்தும் புகையிலைத் தயாரிப்புகளுக்குத் தடை வந்தது.

ஆனால் தோட்டத்துக் கடையில் பெட்டியோடு சிகரெட் வாங்குபவர் அரிது. உதிரியாக ஒன்று, இரண்டு வாங்கிக் கடையில் தொங்கும் புகையும் கயிற்று நுனியில் பற்ற வைத்துக்கொள்ளும் ஆளுக்கு எச்சரிக்கைப் படம் கண்ணில் படுவதே இல்லை. வரி ஏறியதும் பலர் சிகரெட்டிலிருந்து பீடிக்கு இறங்கினார்கள். பீடி இலை மன்னார் வளைகுடாவைத் தாண்டிக் கடத்தி வரப்படும் சரக்காகவும் இருக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த தொழிலாளிக்கு, ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட சிகரெட் எட்டாப் பொருள். அவனை விடவைக்க விலை மட்டும் போதவில்லை.

விற்பவர்களே கைவிட்ட நிகழ்வு இந்த வரலாற்றின் நம்பிக்கையூட்டும் பகுதி. 2010களின் பிற்பகுதியில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊர் ஊராகப் போய் வணிகர்களோடு பேசியதன் விளைவாக, பல நகரங்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரெட் விற்பனையை நிறுத்தினார்கள். சட்டம் அவர்களை வற்புறுத்தவில்லை. 107 நகரங்களில் இப்படி நின்றுவிட்டதாக அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்தார். அவற்றில் அதிகமானவை, 22, யாழ்ப்பாண மாவட்டத்தில். மாத்தறையில் 17, குருணாகலில் 16. ஒருகாலத்தில் மலைநாட்டுக்கெல்லாம் சுருட்டு அனுப்பிய யாழ்ப்பாணம் இந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கடைவீதியில் ஒருவர் மட்டும் நிறுத்தினால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. வணிகருக்கும் கூட்டம் தேவைப்பட்டது இதனால்தான். நிறுத்திய கடையில் பற்றவைக்கும் கயிற்றுக்கும் வேலையில்லை. வாசலில் நின்று புகைத்த கூட்டமும் கலைந்துவிடுகிறது.

நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடத்தில் இதைச் செய்வது யாழ்ப்பாணத்தைவிடக் கடினம். கடைகள் நகரத்தில் மட்டுமின்றி ஒவ்வொரு டிவிசனிலும் லயத்துக்கு லயம் சிதறிக் கிடக்கின்றன. பல கடைகள் ஒரு குடும்பம் தன் இஸ்தோப்பில் வைத்து நடத்தும் சிறு பெட்டிக்கடைகள். அவற்றின் நாள் வருமானத்தில் பீடிக்கும் வெற்றிலைக்கும் கணிசமான பங்கு. யாத்திரைக் காலத்தில் வெளியூர்க்காரர் வந்து கேட்பார்கள். ஆனாலும் கூட்டு முயற்சிக்குத் தேவையான எல்லாம் இங்கே இருக்கிறது: ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த மக்கள், ஒழுங்கு காக்கத் தெரிந்த கோயில் கமிட்டி, வீட்டுக்குள் வரும் குடும்பநல உத்தியோகத்தர், ஆண்டுதோறும் விட்டுப் பார்த்த அனுபவமுள்ள நூற்றுக்கணக்கான சாமிமார். தேசிய அதிகார சபை நடத்தும் 1948 என்ற தொலைபேசி எண்ணில் புகையை விட விரும்புபவர்கள் இலவச ஆலோசனை பெறலாம். மலைச்சரிவில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நின்று பேசுபவனுக்கு, அந்தப் பேச்சு முடிந்ததும் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். மாலை கழன்ற பின்னும் தை, மாசியில் வாரம் ஒருமுறை அதே பஜனைக் குழுவைக் கூடவைத்தால் அந்த மனிதர்கள் கிடைப்பார்கள்.

2015இல் எடுக்கப்பட்ட தேசிய அளவீட்டில் இலங்கை ஆண்களில் 29.4 சதவீதத்தினர் புகைத்தார்கள், பெண்களில் 0.1 சதவீதத்தினர் மட்டுமே. புகையை மட்டும் எண்ணும் இந்தக் கணக்கில் கொழுந்து மலையில் வெற்றிலை மெல்லும் பெண் வருவதில்லை. பாக்கெட்டில் வந்த புகையிலைக் கலவை 2016இல் தடைப்பட்டாலும், சீவிய புகையிலை வெற்றிலைக்கடைத் தட்டில் இருக்கிறது. பல் மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு அரை நாள் சம்பளம் போகும்; புண் வலிக்காததால் அவள் போவதில்லை. நாற்பது ஆண்டுக்கு முன்னர் முப்பத்து நாலு சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் செய்த சோதனையை இப்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே செய்யலாம். தேவையான வெளிச்சம் ஒரு கைப்பேசியில் உண்டு. ஒரு நிரையில் நிற்கும் பத்துப் பெண்களும் சேர்ந்து சுருக்குப் பையிலிருந்து முதலில் புகையிலையை மட்டும் எடுத்துவிட ஒப்புக்கொண்டால், யாரும் யாருக்கும் அந்தக் காம்பைக் கிள்ளிக் கொடுக்க வேண்டிவராது. வெற்றிலையையும் பாக்கையும் விடுவது அதற்கடுத்த படி.